கம்பம்: ஒரு சொல்லும் அது குறிக்கும் இடங்களும்

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் ‘கம்பம்’ என்றால் யாரும் தூணை நினைப்பதில்லை. மலாய்க்காரர்கள் கூடி வாழும் கிராமம், பட்டணத்து ஓரத்தில் பலகை வீடுகள் நெருங்கி நிற்கும் குடியிருப்பு, சீனர்களின் புதுக்கிராமம், பெருநாள் வந்தால் திரும்பிப் போகும் சொந்த ஊர் என்று மனிதர் குடியிருக்கும் பல வகை இடங்களுக்கு இந்த ஒரே சொல் வழங்குகிறது. தமிழகத்திலிருந்து புதிதாக வந்தவர் “அவர் கம்பத்தில் இருக்கிறார்” என்று கேட்டால், மின்கம்பத்தில் ஏறியவரை நினைப்பார். இல்லையென்றால் தேனி மாவட்டத்துக் கம்பம் நகரை நினைப்பார். இங்குள்ள தோட்டத்துப் பாட்டிக்கும் பட்டணத்துப் பேரனுக்கும் அந்தக் குழப்பம் கிடையாது.

சொல்லின் பிறப்பு மலாய். ‘கம்போங்’ என்ற பெயர்ச்சொல்லின் அடியில் கூடுதல் என்ற கருத்து இருக்கிறது. ‘பெர்கம்போங்’ என்றால் இன்றும் மலாயில் ஒன்றுகூடியிருத்தல்தான். தமிழில் இதற்கு மிக நெருக்கமாக நிற்கும் பழஞ்சொல் ‘சேரி’. ‘சேர்’ என்ற வினையிலிருந்து வந்தது அது. பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு, அந்தணர்கள் குடியிருந்த அந்த ஊரின் பகுதிகளைச் சேரி என்றே குறிக்கிறது. பிற்காலத்தில் அந்தச் சொல் ஒடுக்கப்பட்டோர் குடியிருப்புக்கு மட்டும் என்றாகி, வசையாகவும் திரிந்தது. கம்போங்குக்கு அந்தக் கதி வரவில்லை. ‘கம்பத்தான்’ என்று பட்டணத்தான் கேலி பேசுவது உண்டு. அதே பட்டணத்தான் பெருநாளுக்கு நாலு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு கம்பத்துக்கு ஓடுவதும் உண்டு.

கம்போங் எப்படிக் கம்பம் ஆயிற்று? தமிழ்ச் சொல் எதுவும் ‘ங்’ என்ற ஒலியில் முடிவதில்லை. ஆகவே கடைசி ஒலி ‘ம்’ ஆயிற்று. அப்படி ஆனதும் வேற்றுமை உருபுகள் தாமாக வந்து ஒட்டிக்கொண்டன. மரம், மரத்தில், மரத்துக்கு என்பதுபோலக் கம்பம், கம்பத்தில், கம்பத்துக்கு. ‘கம்போங்கிலிருந்து’ என்று சொல்லிப் பார்த்தால் நாக்கு தடுக்கும், ‘கம்பத்திலிருந்து’ தடுக்காது. எழுதப் படிக்கத் தெரியாத பால்மரத் தொழிலாளர்கள்கூட இந்த இலக்கணத்தைப் பிழையில்லாமல் நடத்திக் காட்டினார்கள். கம்பத்து வீடு, கம்பத்துக் கோழி, கம்பத்துச் சடக்கு, கம்பத்துப் பிள்ளை என்று அடுத்தடுத்துச் சொற்கள் பிறந்தன. கம்பத்து வீடு என்றால் தூண்மேல் நிற்கும் பலகை வீடு என்று எல்லாருக்கும் விளங்கும். கம்பத்துக் கோழி என்றால் சந்தையில் விலை கூடுதல் என்பதும் விளங்கும்.

ஆங்கிலத்தில் வீட்டைச் சுற்றிய வளாகத்தைக் குறிக்கும் ‘காம்பவுண்டு’ என்ற சொல்லும் இந்தக் கம்போங்கிலிருந்து போனதே என்பது சொற்பிறப்பு அகராதிகளில் பரவலாக உள்ள கருத்து. அப்படியானால் தமிழகத்தார் வீட்டுக்கு வீடு கட்டும் காம்பவுண்டுச் சுவரும், இங்குள்ளவர் பேசும் கம்பமும் ஒரு தாய்ப் பிள்ளைகள். மலேசியாவில் சாலைக் குற்றத்துக்கு வரும் ‘கம்பவுன்’ மட்டும் வேறு குடும்பம். தொகை கட்டிச் சமரசம் செய்தல் என்ற பொருளுள்ள இன்னோர் ஆங்கிலச் சொல் அது.

எழுத்தில் இரண்டு வடிவங்கள் நிற்கின்றன. 1972-இல் மலேசியாவும் இந்தோனேசியாவும் மலாய் எழுத்துமுறையைச் சீர்ப்படுத்தியபோது, ரோமன் எழுத்தில் ‘ஓ’ போட்டு எழுதப்பட்ட கம்போங், ‘உ’ போட்டு எழுதும் முறைக்கு மாறியது. சிங்கப்பூர்த் தெருப் பலகைகளில் பழைய எழுத்தே நிலைத்துவிட்டது. தமிழிலோ இரு நாட்டிலும் ‘கம்போங்’தான். நடைமுறையில் வழங்கும் வழி எளிது: இடத்தின் பெயரோடு சேர்ந்து வந்தால் கம்போங் (கம்போங் பாரு, கம்போங் கிளாம்), பொதுப்பெயராக வந்தால் கம்பம். ‘பாரு கம்பத்தில்’ என்று யாரும் எழுதுவதில்லை.

தோட்டங்களுக்கு முந்திய கம்பங்கள்

மலாயாத் தமிழர் கதை பால்மரத்தோடு தொடங்குவதாகச் சொல்லும் வழக்கம் உண்டு. கம்பம் என்ற சொல் வேறு கதை சொல்கிறது. போர்த்துகீசியர் ஆட்சியில் மலாக்காவில் பிறந்து வளர்ந்த கொடின்யோ டி எரேடியா என்பவர் 1613-இல் எழுதிய நூலில் மலாக்காவின் வரைபடம் இருக்கிறது. அதில் சீனர் கம்போங்குக்குத் துணையாகக் கெலிங் கம்போங் என்ற பகுதியும் குறிக்கப்பட்டுள்ளது. தென்னிந்தியர்களை, அதிலும் தமிழர்களை மலாய்க்காரர்கள் அந்தக் காலத்தில் அழைத்த பெயர் அது. இன்று அந்தப் பெயர் இழிவாக ஒலிக்கிறது; அன்று கடலோடி வணிகர்களைக் குறித்த பெயர். மலாக்காவில் 18-ஆம் நூற்றாண்டில் எழுந்த கம்போங் கெலிங் பள்ளிவாசல் இன்றும் அந்தப் பெயரோடு நிற்கிறது. சுமத்ராவின் மேடான் நகரில் இருந்த கம்போங் கெலிங், கம்போங் மெட்ராஸ் என்று பெயர் மாறிவிட்டது.

மலாக்கா காஜா பேராங் பகுதியில் மலாக்கா செட்டிகள் வாழும் கம்போங் செட்டி இருக்கிறது. வீட்டில் மலாய் பேசி, கோயிலில் சைவ முறைப்படி வழிபடும் இச்சமூகத்தின் குடியிருப்பு பாரம்பரியக் கிராமமாக அறிவிக்கப்பட்டது. சிங்கப்பூரிலும் அப்படியே. 1822-இல் ராஃபிள்ஸ் வகுக்கச் சொன்ன நகர வரைபடத்தில், ஆற்றோரமாகச் சூலியா கம்போங் என்று ஓர் இடம் ஒதுக்கப்பட்டது. சூலியா என்பது தமிழ் முஸ்லிம் வணிகர்களைக் குறித்த பெயர்.

இங்கெல்லாம் கம்போங் என்பதற்கு வயல்வெளிக் கிராமம் என்று பொருளில்லை. ஒரு துறைமுகப் பட்டணத்துக்குள்ளே ஓர் இனத்தார் அல்லது ஒரு தொழிலார் சேர்ந்து வாழும் பகுதி என்பதே பொருள். தமிழில் பேட்டை அல்லது பாக்கம் என்று சொல்லலாம். ஆகவே மலாய்ச் செய்திகளைத் தமிழாக்கும்போது எல்லாக் கம்போங்கையும் ‘கிராமம்’ என்று போட்டுவிடுவது பொருந்தாது. கோலாலம்பூர் நடுவில், வானுயர்ந்த கட்டடங்களின் நிழலில் இருக்கும் கம்போங் பாருவைக் கிராமம் என்று எழுதினால் வாசகர் தேடிக்கொண்டு உலு லங்காட்டுக்குப் போய்விடுவார். ‘புதுக் கம்பம்’ என்று பொருள்படும் அந்த இடம் 1900-ஆம் ஆண்டையொட்டி மலாய்க்காரர்களின் விவசாயக் குடியிருப்பாக ஏற்பட்டது. பெயர்தான் புதிது, வயது நூற்றாண்டைத் தாண்டிவிட்டது.

அதே ‘கம்போங் பாரு’ என்ற பெயர் இன்னொரு வகை இடத்துக்கும் உரியது. 1948-இல் அவசரகாலம் பிறந்தபின், 1950-இல் பிரிக்ஸ் திட்டத்தின்கீழ், காட்டோரத்தில் சிதறி வாழ்ந்த சீனக் குடும்பங்கள் பெயர்க்கப்பட்டு முள்வேலிக்குள் குடியேற்றப்பட்டன. ஏறத்தாழ 5 லட்சம் பேர் இப்படி இடம் மாறினார்கள். இவற்றைத் தமிழ் ஏடுகள் புதுக்கிராமம் என்று எழுதின. தோட்டத்து மக்கள் ‘சீனக் கம்பம்’ என்றார்கள். பல தோட்டங்களில் சிதறிக் கிடந்த லயங்களும் அந்த ஆண்டுகளில்தான் ஓரிடத்தில் சேர்க்கப்பட்டு வேலியிடப்பட்டன. ஆனால் லயம் கம்பம் ஆகிவிடவில்லை.

தோட்டம் ஏன் கம்பம் ஆகவில்லை

இந்த நாட்டுத் தமிழில் ‘தோட்டம்’ என்பதும் மக்கள் குடியிருக்கும் இடத்தைக் குறிக்கும் சொல்லே. தமிழகத்தில் தோட்டம் என்றால் கத்தரியும் வெண்டையும் போடும் இடம். இங்கு அது ஓர் ஊர். லயம், மாரியம்மன் கோயில், தமிழ்ப்பள்ளி, ஆயாக்கொட்டகை, ஆஸ்பத்திரி, கள்ளுக்கடை, பெரட்டுக் களம் எல்லாம் அதற்குள் அடக்கம். பழைய தலைமுறையினர் இருவர் புதிதாகச் சந்தித்தால் “எந்த ஊர்?” என்று கேட்டுக்கொள்ள மாட்டார்கள், “எந்தத் தோட்டம்?” என்பதே கேள்வி. கம்பம் என்றால் தோட்ட எல்லையைத் தாண்டி மலாய்க்காரர்கள் வாழ்ந்த இடம். டுரியான் காலத்தில் போய் வாங்கி வரும் இடம். தோட்டம் வேலை நிறுத்தம் செய்த நாட்களில் கூலி வேலை தேடிப் போன இடம்.

பேச்சில் இருந்த இந்தப் பிரிவு அரசாங்கத் தாளிலும் இருந்தது. மலேசிய நிர்வாகத்தில் மாநிலத்துக்குக் கீழே மாவட்டம், மாவட்டத்துக்குக் கீழே முக்கிம், அதற்குக் கீழே கம்பம். முக்கிமுக்குப் பெங்குலு உண்டு. கம்பத்துக்குக் ‘கெத்துவா கம்போங்’ எனும் தலைவர் உண்டு. அவரோடு ஒரு கம்பத்துக் குழுவும் உண்டு. சடக்கு, பாலம், குழாய்த் தண்ணீர், மண்டபம் என்று ஊரக மேம்பாட்டு நிதி வரும் வாய்க்கால் இதுதான். தோட்டத்துக்கு அப்படித் தலைவர் யாரும் இல்லை. அங்கே இருந்தவர்கள் மானேஜர், கிராணி, கங்காணி, மண்டோர். அவர்கள் கம்பெனியின் ஆட்கள்.

காரணம் நிலம். தோட்டம் தனியார் சொத்து. தனியார் சொத்துக்குள் அரசாங்கம் சடக்குப் போடாது, தண்ணீர்க் குழாய் இழுக்காது என்பதே நெடுங்கால நிலை. 1957-இல் சுதந்திரம் கிடைத்தபின் வந்த ஊரக மேம்பாட்டுத் திட்டங்களில், கம்பம் பயனடைந்த அளவுக்குப் பக்கத்திலேயே இருந்த தோட்டம் பயனடையவில்லை. தோட்டத்துத் தேவைகள் எல்லாம் முதலாளியின் தலையில் விழுந்தன. 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத் தொகுப்பின்படி, பள்ளி வயதுப் பிள்ளைகள் 10 பேர் இருந்தாலே நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும். தமிழ்ப்பள்ளிகள் தோட்டம்தோறும் முளைத்ததற்கு அது ஒரு முக்கியக் காரணம். அவற்றில் பல கொட்டகைகளாகவே இருந்ததற்கும், சட்டத்தை ஒப்புக்கு நிறைவேற்றிய நிர்வாகங்களே காரணம். வீடு, தண்ணீர், விளக்கு முதலியவற்றுக்கு 1966-இல் ஒரு சட்டமும், அதற்குப் பதிலாக 1990-இல் தொழிலாளர் வீட்டுவசதிக் குறைந்தபட்சத் தரச் சட்டமும் வந்தன. இரண்டுமே தொழிலாளியின் வீட்டைப் பற்றிய சட்டங்கள். வேலை இருக்கும்வரை வீடு என்ற அடிப்படையை அவை மாற்றவில்லை.

இதனால்தான் வேலை ஓய்வு பெற்ற அன்றே வீட்டுச் சாவியைக் கேட்கும் நிலை தோட்டத்தில் வந்தது. கம்பத்தில் வயதானவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருப்பார். தோட்டத்தில் வயதானவர் மகன் வேலை செய்தால் லயத்தில் இருக்கலாம், இல்லையென்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான். 1950-களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்க, வாங்கியவர்கள் துண்டுதுண்டாக விற்றபோது இந்த உண்மை உறைத்தது. தோட்டத் துண்டாடல் என்று அன்றைய தமிழ் ஏடுகள் எழுதியது இதைத்தான். துன் வீ.தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தோட்டத் தொழிலாளர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்து, கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தை வாங்கியதும் இதற்கு விடையாகத்தான். அந்தச் சங்கத்தின் தலைமையகமான விஸ்மா துன் சம்பந்தன் கோலாலம்பூரில் கம்போங் அத்தாப் பகுதியை ஒட்டி நிற்கிறது. அத்தாப்புக் கூரைக் கம்பம் என்ற பெயர் அங்கே இருக்கிறது, கூரை போய் வெகுகாலம் ஆயிற்று.

பெயர் வேறு, கிராண் வேறு

கம்பம் என்ற பெயர் இருந்தால் நிலம் நிலைத்துவிடுமா என்றால், அதுவும் இல்லை. 1965-ஆம் ஆண்டுத் தேசிய நிலச் சட்டம் நிலத்தை மூன்றாக வகைப்படுத்துகிறது: பண்டார் நிலம், பெக்கான் நிலம், டேசா நிலம். நகரம், சிற்றூர், நாட்டுப்புறம் என்று சொல்லலாம். இந்த மூன்றில் ‘கம்போங்’ இல்லை. பலகையில் கம்போங் என்று எழுதியிருப்பதால் மட்டும் யாருக்கும் நில உரிமை வந்துவிடாது. கிராணில் யார் பெயர் இருக்கிறது என்பதே கேள்வி. மலாய்க் கம்பங்கள் பலவற்றுக்கு 1913-இல் தொடங்கிய மலாய் ஒதுக்கீட்டு நிலச் சட்டம் ஒரு வேலியாக நிற்கிறது. தமிழர் வாழ்ந்த கம்பங்களுக்கு அப்படி ஒன்றும் இல்லை.

பினாங்கின் கம்போங் புவா பாலா இதற்கு எடுத்துக்காட்டு. மாடு வளர்த்துப் பால் கறந்து வாழ்ந்த தமிழ்க் குடும்பங்கள் நிறைந்த இடம் அது. அவர்களின் முன்னோர் பிரவுன் குடும்பத்தாரின் தோட்டத்தில் வேலை செய்தவர்கள். தோட்டம் போய்க் கம்பம் என்ற பெயர் வந்து தலைமுறைகள் கழிந்தும், நிலம் அவர்கள் பெயருக்கு வரவில்லை. நிலம் கைமாறி, வழக்கு கூட்டரசு நீதிமன்றம்வரை போய், 2009-இல் வீடுகள் இடிக்கப்பட்டன. பெரும்பாலான குடும்பங்களுக்கு ஈடாக மாடிவீடுகள் தர ஏற்பாடானது. மாடிவீட்டில் மாடு கட்ட முடியாது என்பது அப்போது பேசப்பட்ட பேச்சு. அந்த வழக்கில் எந்தத் தரப்பு எவ்வளவு தவறியது என்று இன்றும் வாதிடுவார்கள். சொல்லளவில் பார்த்தால் ஒன்று தெளிவு: ஓர் இடம் பேச்சு வழக்கில் கம்பமாகவும், பதிவேட்டில் பிறர் சொத்தாகவும் ஒரே நேரத்தில் இருக்க முடியும்.

தமிழ்ப் பெயர் தாங்கிய கம்பங்களும் உண்டு. கோலாலம்பூரில் ஈப்போ சாலைப் பக்கத்துக் கம்போங் காசிப்பிள்ளை அப்படி ஒன்று.

பாலே கம்போங்

‘பாலேக் கம்போங்’ என்பது மலேசியர் எல்லாருக்கும் பொதுவான சொல்லாகிவிட்டது. பேச்சில் ‘பாலே கம்போங்’. நோன்புப் பெருநாளோ சீனப் பெருநாளோ தீபாவளியோ, பட்டணத்திலிருந்து பெற்றோர் வீட்டுக்குத் திரும்புவதைக் குறிக்கிறது. நெடுஞ்சாலை நெரிசல் செய்தியில் தொடங்கி விளம்பரம்வரை எங்கும் இச்சொல். பட்டணத் தமிழரும் “தீபாவளிக்குப் பாலே கம்போங்கா?” என்று இயல்பாகக் கேட்டுக்கொள்கிறார்கள். இங்கேதான் சொல் தன் பொருளைக் கொஞ்சம் நகர்த்தியிருக்கிறது. தாத்தா காலத்தில் கம்பம் என்றால் தோட்டத்துக்கு வெளியே. பேரன் காலத்தில் கம்பம் என்றால் அந்தத் தோட்டமே.

ஆனால் திரும்பிப் போகத் தோட்டம் இருக்க வேண்டும். இன்றைய புத்ராஜெயா இருக்கும் இடம் பெராங் பெசார் தோட்டம். முதல் உலகப் போரில் பணிபுரிந்த பிரிட்டிஷ் அதிகாரிகள் 1921-இல் காட்டை வெட்டி உண்டாக்கியதால் ‘பெரும் போர்’ என்று மலாயில் பெயர் பெற்றது. 1990-களில் நிர்வாகத் தலைநகர் எழுந்தபோது, பெராங் பெசாரும் அக்கம்பக்கத் தோட்டங்களுமாக நான்கு தோட்டத்து மக்கள் டிங்கில் அருகே தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிக்குப் பெயர்ந்தார்கள். நிலவீடு வேண்டும் என்ற அவர்கள் கோரிக்கையும், அடுக்குமாடியின் விரிசல்களும் பல ஆண்டுகள் தமிழ் ஏடுகளில் இடம்பெற்றன. அந்தத் தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பாலே கம்போங் என்றால், பிரதமர் அலுவலகத்தைச் சுற்றிப் பார்க்கப் போவது என்று ஆகிவிட்டது. வேறு பல இடங்களில் தோட்டத்திலிருந்து வெளியேறியவர்கள் ‘ரூமா பஞ்சாங்’ எனப்படும் தற்காலிக நீளவீடுகளில் சிலகாலம் என்று போய்ப் பலகாலம் இருந்தார்கள்.

கணக்கெடுப்பிலும் இந்த மாற்றம் தெரியாமல் கலந்துவிடுகிறது. மலேசியக் குடிக்கணக்கில் 10,000 பேரும் அதற்கு மேலும் வாழும் அரசிதழில் அறிவிக்கப்பட்ட பகுதியும், அதையொட்டிக் கட்டடம் பெருகிய இடமும் நகர்ப்புறம். தோட்டத்துக்காரர் இடம் பெயராமலே, நகரம் வந்து அவரைச் சூழ்ந்துகொண்டால் அவர் நகரவாசி. கோலாலம்பூருக்குள்ளேயே எடின்பர்க் தோட்டத் தமிழ்ப்பள்ளி இருப்பதைப் பார்த்து வெளியூர்க்காரர் வியப்பார்கள். சுற்றிலும் நெடுஞ்சாலையும் கடைவீதியும். பெயரில் மட்டும் ‘லாடாங்’. இப்படிப்பட்ட பள்ளிப் பெயர்களை மாற்ற வேண்டும் என்பாரும் உண்டு. மாற்றாமல் இருப்பதே நல்லது. அங்கே ஒரு தோட்டம் இருந்ததற்குப் பல இடங்களில் மிச்சமுள்ள சான்று அந்தப் பலகைதான்.

சிங்கப்பூரில் சொல்லின் பயணம் வேறு. 1960-இல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் தொடங்கப்பட்டு, கம்பத்து மக்கள் அடுக்குமாடிகளுக்குக் குடியேறினார்கள். தீவின் பெருநிலத்தில் இன்று எஞ்சியிருப்பது லோரோங் புவாங்கோக் கம்பம் ஒன்றே. குடியிருப்புப் பகுதியை அங்குள்ள தமிழர் ‘பேட்டை’ என்கிறார்கள். கம்பம் மறைந்த பிறகு ‘கம்பத்து உணர்வு’ என்ற சொற்றொடர் வேகமாகப் பரவியது. அண்டை வீட்டாருக்குப் பலகாரம் கொடுப்பதும், ஆபத்துக்கு ஓடி வருவதும் அதன் பொருள். அமைச்சர்களின் உரைகளிலும் தமிழ்ச் செய்திகளிலும் அடிக்கடி வரும் இந்தச் சொற்றொடரில் ஒழுகிய கூரையும், மழைக்கு முழங்கால்வரை ஏறிய வெள்ளமும் இடம்பெறுவதில்லை.

மலேசியாவில் நிர்வாக அளவிலும் ஒரு மாற்றம் வந்தது. சிலாங்கூர் மாநில அரசு இந்திய சமூகத் தலைவர்களை நியமித்து வருகிறது. தோட்டத்திலிருந்து தாமானுக்கும் அடுக்குமாடிக்கும் வந்த குடும்பங்கள் பிறப்புப் பத்திரம், அடையாள அட்டை, உதவித்தொகை மனு ஆகியவற்றுக்கு அவர்களை நாடிப் போகின்றன. கம்பத்துக்கு ஒரு தலைவர் என்றிருந்த பொறுப்பு, தோட்டமும் இல்லாமல் கம்பமும் இல்லாமல் சிதறி வாழும் மக்களுக்காக ஓர் இனத்துக்கு ஒரு தலைவர் என்று உருமாறியிருக்கிறது. அரசாங்கப் பாரங்களில் ‘கம்போங் / தாமான் / லாடாங்’ என்று மூன்றும் அச்சிட்டு, பொருந்தாததை அடித்துவிடச் சொல்லும் வழக்கம் இருந்தது. பிறந்த இடம் என்ற கட்டத்தில் லாடாங்கையும், இப்போதைய முகவரி என்ற கட்டத்தில் தாமானையும் எழுதுகிறவர்களே இப்போது தோட்டத்துப் பிள்ளைகளில் பெரும்பாலோர்.